விக்கிறதுக்குன்னு போர்டு போடாத வளவு

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. காலைல டீயைக் கையில எடுத்து ஒரு வாய் குடிக்கல, போன். நம்ம புரோக்கர் அண்ணாச்சி.

"தம்பி, டவுனுக்குள்ள ஒரு வளவு இருக்கு. ஆறு வீடு. போர்டு கெடையாது, பேப்பர்ல வராது, இன்னும் எவனுக்கும் தெரியாது. உங்களுக்குத்தான் மொதல்ல சொல்லுதேன்."

(புரோக்கர் அண்ணாச்சிமார் எல்லாரும் எல்லாருக்கும் 'மொதல்ல' சொல்றவங்கதான். அது வேற விஷயம் :-) )

மெட்ராஸ் மக்களுக்கு ஒரு விளக்கம். எங்க பக்கம் வளவுன்னா, ஒரே சுத்துச்சுவருக்குள்ள வரிசையா நாலு, ஆறு, எட்டு வீடு. நடுவுல நடைபாதை, ஒரு கிணறு, ஒரு துவைக்கிற கல்லு, கடைசியில கக்கூஸ் வரிசை. உங்க ஊர் ஸ்டோர் வீடு, ஒண்டுக்குடித்தனம் மாதிரின்னு வச்சுக்கோங்க. உடையவர் ஒருத்தர், குடியிருக்கிறது பல குடும்பம். அமெரிக்காவுல இருக்கிற நண்பர் ஒருத்தர் கிட்ட இதைச் சொன்னா, "ஓ, ஆஃப் மார்க்கெட் மல்டி ஃபேமிலி"ங்கிறார். பேரு பெருசா இருக்கு. விஷயம் நம்ம வளவுதான்.

நான் எதுக்கு வளவு தேடுறேன்? பாஞ்சாலங்குறிச்சியில இருந்து தெனம் ஒட்டப்பிடாரம் வழியா தூத்துக்குடிக்கு வந்து ஆணி புடுங்குறவன் நான். ரிட்டயர்மெண்ட் தெரியுற தூரத்துக்கு வந்தாச்சு. பென்ஷன் கெடையாது. நானும் ரெண்டு மச்சான்மாரும் சேர்ந்து, மாசாமாசம் வாடகை வர்ற மாதிரி ஒண்ணு வாங்கிப் போடலாம்னு ரெண்டு வருஷமா பேச்சு. அதுக்குள்ள 2025 ஆகஸ்ட்ல வின்ஃபாஸ்ட் கார் கம்பெனி திறந்தாச்சு. குலசேகரப்பட்டினத்துல ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024-லயே அடிக்கல் நாட்டியாச்சு. வாடகை வீடு தேடி வர்ற பையன்கள் கூட்டம் கூடிக்கிட்டே போகுது. எங்களை மாதிரி வளவு தேடுறவங்க கூட்டமும்தான்.

ஆனா வளவு விலைக்கு வராது. வந்தாலும் போர்டு தொங்காது. பரம்பரை வீட்டுல 'விற்பனைக்கு'ன்னு எழுதி வச்சா, மறுநாளே தெருவுல "அவன் நொடிச்சுப் போயிட்டான்லா"ம்பாங்க. பொண்ணு கல்யாணத்துக்கு நிக்கிற வீடுன்னா இன்னும் மோசம். அதனால நம்ம ஊர்ல வீடு எப்பவுமே காதோட காதாத்தான் கைமாறி வந்திருக்கு. அதுல எனக்கு ஒரு குறையும் இல்லை. நம்ம சனத்தோட மானம் சம்பந்தப்பட்ட விஷயம் அது.

என் பிரச்சினை வேற. யார் காதுல ஓதுறோம், யார் காதை விட்டுடுறோம்கிறதுதான்.

மொதல்ல, தேடுறது எப்படின்னு ரெண்டு வருஷத்துல நான் கத்துக்கிட்டதைச் சொல்லிடறேன். யாருக்காவது உதவும்.

1. நடக்கணும். பைக்ல போனா ஒண்ணும் தெரியாது. பல வருஷமா வெள்ளை அடிக்காத சுவர், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர்ல முளைச்ச ஆலங்கன்னு, ஆறு கரண்டு மீட்டர்ல ரெண்டு மட்டும் தூசி படிஞ்சு கிடக்கிறது, பூட்டுல துரு. வாடகைக்கு ஆள் கெடைக்கிற ஊர்ல ஒருத்தர் வீட்டைப் பூட்டிப் போட்டிருக்காருன்னா அவருக்கு வேற ஏதோ இடைஞ்சல் இருக்குன்னு அர்த்தம்.

2. கேக்கணும். இஸ்திரி வண்டிக்காரர், டீக்கடை, பால்காரர். "இந்த வளவு யாருது அண்ணாச்சி?"ன்னு கேட்டா மூணு தலைமுறை கதை வரும். "மூத்தவன் பம்பாயில, சின்னவன் இங்கதான், பொண்ணு நாசரேத்துல கட்டிக் குடுத்திருக்கு..." இந்த விவரம் எந்த கம்ப்யூட்டர்லயும் கெடைக்காது.

3. அப்புறம் காகிதம். புல எண் தெரிஞ்சா பட்டா யார் பேர்லன்னு அரசு தளத்துலயே பாக்கலாம். டவுனுக்குள்ளன்னா நகர நில அளவைப் பதிவேடு. வில்லங்கம் பதிவுத்துறை தளத்துலயே போடலாம். கம்ப்யூட்டர்ல ஏறாத பழைய காலத்துக்கு சார்பதிவாளர் ஆபீஸ்ல எழுதிக் கொடுத்துத் தேடச் சொல்லணும். வீட்டுத் தீர்வை ரசீது யார் பேருக்கு வருதுன்னும் பாக்கணும்.

இவ்வளவும் பாத்துட்டா உடையவர் தெரிஞ்சிடுமா? அங்கதான் எல்லாரும் வழுக்குறோம். பெரும்பாலான வளவுக்கு பட்டா இன்னும் தாத்தா பேர்லதான் இருக்கும். தாத்தா செத்து முப்பது வருஷம் ஆகியிருக்கும். வில்லங்கச் சான்றுல பதிவான பத்திரம்தான் வரும். சாவு வராது, வாரிசு வராது. தீர்வை ரசீதுல யார் கட்டுறாரோ அவர் பேர் மட்டும் ஒட்டிக்கிட்டு இருக்கும். மூணு காகிதமும் சேர்ந்து உங்களுக்குக் காட்டுறது யாரோ ஒரு ஆளை. 'உடையவங்க'ளைக் காட்டாது.

சரி, ஞாயித்துக்கிழமை போனுக்கு வருவோம். வளவு எந்தத் தெருன்னு சொல்ல மாட்டேன். அண்ணாச்சியோட போய்ப் பாத்தேன். எனக்குப் பிடிச்சிருந்தது. நல்ல தேக்கு உத்திரம், கிணத்துல தண்ணி. ஆறுல நாலு வீட்டுல ஆள் இருக்கு. வெளிய வந்து டீக்கடையில உக்காந்ததும் அண்ணாச்சி குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, இதுல அக்கா தம்பி ரெண்டே பேரு. ஆகாது. பேச்சுவார்த்தை கெடையாது. தம்பிக்கு அவசரமா துட்டு வேணும். நாம அவரை மட்டும் புடிச்சு அட்வான்ஸ் போட்டு அக்ரிமெண்ட் வாங்கிருவோம். அக்காவுக்கு அந்தக் காலத்துலயே அம்பது பவுன் போட்டுக் கட்டிக் குடுத்தாச்சு. பொறவு அவிய வந்து கையெழுத்துப் போட்டுத்தான் ஆகணும், வேற வழி?"

அண்ணாச்சி கெட்டவர் இல்லை. எனக்கு நல்லது செய்யணும்னுதான் சொன்னார். ஆனா எனக்கு டீ இறங்கலை. காரணம் சொல்றேன். இப்ப கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கோங்க.

எங்க தாத்தாவுக்கும் தூத்துக்குடியில ஒரு வளவு இருந்தது. உப்பளத்துல கணக்குப்பிள்ளையா இருந்து, வாயைக் கட்டி வயித்தைக் கட்டி 1958-ல வாங்கினது. அஞ்சு வீடு. ஆச்சி முன்னாடியே போயாச்சு. 1986-ல தாத்தாவும் போனார். உயில் கெடையாது. எங்க அப்பா, சித்தப்பா, அத்தை, மூணு பேர். பத்து வருஷம் யாரும் எதுவும் பேசலை. வாடகையை சித்தப்பா வாங்கிக்கிட்டு இருந்தார்.

1996-ல ஒருத்தர் சித்தப்பாவைத் தேடி வந்தார். டீக்கடையிலதான் பேச்சு ஆரம்பிச்சது. ரெண்டே வாரத்துல அக்ரிமெண்ட். சித்தப்பா கையெழுத்துப் போட்டார். எங்க அப்பாவும்தான் போட்டார். அத்தை கிட்ட யாரும் சொல்லலை. "அவளுக்குத்தான் கல்யாணத்துல செஞ்சாச்சே"ன்னு அப்பா சொன்னது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நான் பக்கத்துலதான் நின்னேன். ஒண்ணும் பேசலை. பேசற வயசு வந்திருந்தது.

அத்தைக்கு விஷயம் தெரிஞ்சது வளவுல குடியிருந்த ஒரு அம்மா மூலமா. 1997-ல கேஸ். தடை உத்தரவு. வாங்க வந்தவர் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டார், சித்தப்பா செலவழிச்சிருந்தார். அவர் ஒரு கேஸ். குடியிருந்தவங்க யாருக்கு வாடகை குடுக்கிறதுன்னு தெரியாம நிறுத்திட்டாங்க. 2001 மழையில ரெண்டு வீட்டுக் கூரை உக்காந்துருச்சு. 2004-ல அத்தை போயிட்டாங்க. 2006-ல மூணுல ஒரு பங்கு அத்தைக்கு உண்டுன்னு தீர்ப்பு வந்தது. 2008-ல வேற யாருக்கோ வித்து மூணாப் பிரிச்சாங்க. வக்கீல் பீஸ் போக கையில நின்னது என்னன்னு கேக்காதீங்க.

சாகறதுக்கு ஒரு மாசம் முன்னாடி ஆஸ்பத்திரியில அத்தையைப் பாக்கப் போயிருந்தேன். அவங்க என்னைத் திட்டலை. "எய்யா, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருப்பேனே"ன்னாங்க. அவ்வளவுதான்.

அந்த ஒரு வார்த்தையை எங்க வீட்டு ஆம்பளைங்க கேக்கலை. அது எங்க தப்பு. ஆனா வாங்க வந்தவர் கேட்டிருக்கலாம் இல்லையா? அவருக்கு அத்தை இருக்கிறது தெரியும். தெரிஞ்சேதான் சித்தப்பா கிட்ட மட்டும் போனார். ஏன்னா யாருக்குத் துட்டு அவசரமோ அவங்கதான் கொறஞ்ச விலைக்கு இறங்குவாங்க. இதைத்தான் நான் தப்புங்கிறேன். விக்காத வீட்டைத் தேடிப் போறது தப்பில்லை. அந்த வீட்டுல எந்தக் கல்லு ஆடுதுன்னு பாத்து அதை மட்டும் உருவுறது தப்பு.

சட்டம் என்ன சொல்லுதுன்னும் பாத்துடுவோம். இதுல ஊர்ல ஒரு பெரிய குழப்பம் இருக்கு. "89-க்கு முன்னாடி கல்யாணம் ஆன பொண்ணுக்குப் பங்கு கெடையாது", "2005-க்கு அப்புறம்தான் பொண்ணுக்குப் பங்கு"ன்னு டீக்கடையில எல்லாரும் வக்கீல். 1989-ல தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம், 2005-ல மத்திய அரசு கொண்டுவந்த திருத்தம், 2020-ல வினீதா சர்மா வழக்குல சுப்ரீம் கோர்ட் சொன்னது, எல்லாமே பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்துல பொண்ணுக்கு இருக்கிற பிறப்புரிமை பத்தினது. அப்பா சொந்தமா சம்பாதிச்சு வாங்கி, உயில் எழுதாம செத்துட்டா, 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்துலயே மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. கல்யாணம் எப்ப ஆச்சு, எத்தனை பவுன் போட்டாங்கங்கிற கேள்வியே அதுல கெடையாது. கிறிஸ்தவக் குடும்பம்னாலும் 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டத்துல பிள்ளைங்களுக்குள்ள ஆண் பெண் வித்தியாசம் இல்லை.

அப்ப தம்பி கையெழுத்தை மட்டும் வாங்கினா எனக்கு என்ன கெடைக்கும்? அவரோட பிரிக்கப்படாத பாதி. அதை வச்சு எந்த மூணு வீடு என்னுதுன்னு சொல்ல முடியாது. பாகப்பிரிவினை கேஸ் போடுற உரிமைதான் கெடைக்கும். குடும்பம் குடியிருக்கிற வீடா இருந்தா இன்னும் விசேஷம்: 1882 சொத்து மாற்றுச் சட்டம் 44-ஆம் பிரிவுப்படி பங்கை வாங்கின வெளியாள் உள்ள போய் கூடவே இருக்க முடியாது. 1893 பாகப்பிரிவினைச் சட்டம் 4-ஆம் பிரிவுப்படி, அவன் கேஸ் போட்டா குடும்பத்து ஆள் அவன் பங்கை விலை குடுத்து வாங்கிக்கிடலாம். அந்தக் காலத்து வெள்ளைக்காரன் சட்டத்துக்கே தெரிஞ்சிருக்கு, ஒரு குடும்பத்துக்குள்ள இந்த வழியா ஆள் நுழைவான்னு!

வெள்ளைக்காரன்னு சொன்னதும் எங்க ஊர் ஞாபகம் வருது. பாஞ்சாலங்குறிச்சிக்கு வர்றவங்க எல்லாரும் 1974-ல அரசாங்கம் கட்டின நினைவுக் கோட்டையைப் பாத்துட்டு போட்டோ எடுத்துட்டுப் போயிடுவாங்க. பக்கத்துல பழைய கோட்டையோட அடித்தளம் தரையோட தரையா கிடக்கும். 1799 அக்டோபர் 16 அன்னிக்குக் கயத்தாறுல கட்டபொம்மனைத் தூக்குல போட்டதோட கும்பினிக்காரனுக்கு ஆத்திரம் தீரலை. ஊமைத்துரை திரும்ப எழுப்பின கோட்டையை 1801-ல பிடிச்சு, இடிச்சு, ஊர்ப் பேரையே கணக்குல இருந்து எடுத்துட்டான். அன்னிக்குக் காகிதத்துல பாஞ்சாலங்குறிச்சின்னு ஒரு ஊரே இல்லாமப் போச்சு. ஆனா நாங்க இங்கதானே இருக்கோம்? பட்டாவுல அக்கா பேர் இல்லைங்கிறதைக் காரணமா சொல்ல, இந்த ஊர்க்காரனுக்குக் கொஞ்சம் கூச்சமா இருக்கணும்.

வாரிசு விஷயம் இப்படி. இன்னொரு கூட்டத்தையும் எல்லாரும் விட்டுடுறாங்க. குடியிருக்கிறவங்க.

நம்ம பக்கத்துல பாதிப் பேர் மாச வாடகைக்கு இருக்கிறதில்லை, ஒத்திக்கு இருப்பாங்க. ஒரு தொகையை மொத்தமாக் குடுத்துட்டு வாடகை இல்லாம குடியிருக்கிறது. காலி பண்ணும்போது அந்தத் தொகை திரும்ப வரணும். இந்த ஒத்தி எல்லாம் வெறும் முத்திரைத்தாள்ல எழுதி பீரோவுல இருக்கும். பதிவு பண்ணியிருக்க மாட்டாங்க. வில்லங்கத்துல வராது. நான் பாத்த வளவுல நாலாவது வீட்டு ஆச்சி ஒத்திக்குத்தான் இருக்காங்க. பேச்சுக்குடுத்ததுல அவங்களே சொன்னாங்க. தம்பிகாரர் அண்ணாச்சி கிட்ட இதைச் சொல்லவே இல்லை!

நாளைக்கு நான் வாங்கினா அந்தப் பணத்தை யார் குடுக்கிறது? "எனக்குத் தெரியாது"ன்னு நான் சொல்ல முடியாது. ஒரு இடத்துல ஆள் குடியிருந்தா, அவருக்கு என்ன உரிமையோ அது வாங்குறவனுக்குத் தெரியும்னுதான் சட்டம் எடுத்துக்கும். தெரியாதுன்னா போய்க் கேட்டிருக்கணும்ங்கும். மாச வாடகைக்கு இருக்கிறவங்களுக்கு 2019 பிப்ரவரியில இருந்து புதுச் சட்டம் நடைமுறையில இருக்கு. எழுத்துல ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரி கிட்ட பதியணும். எத்தனை வளவுல அது நடந்திருக்குன்னு நீங்களே போய்ப் பாருங்க.

ஆச்சி என்னைக் கேட்ட கேள்வி ஒண்ணுதான். "வாங்கினா எங்களைக் காலி பண்ணச் சொல்லிருவேளோ?"ன்னாங்க. நான் பதில் சொல்லாம வந்துட்டேன். கையில பணத்தோட ஒரு வளவுக்குள்ள நுழையறவன் அங்க இருக்கிற நாலு குடும்பத்துக்கும் ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கிறான். அது அன்னிக்குத்தான் எனக்கு உறைச்சது.

அமெரிக்க நண்பர் சொல்றார், அங்க நூத்துக்கணக்கான வீட்டுக்காரர்களுக்கு "உங்க வீட்டை வாங்கிக்கிறோம், ரொக்கம்"னு கார்டு அடிச்சு அனுப்புவாங்களாம். வயசானவங்க வீட்டுக்கு விடாம போன் வருமாம். தொல்லை தாங்காம நியூயார்க் மாநிலத்துல சில பகுதிகளுக்கு ஒரு ஏற்பாடே வச்சிருக்காங்க: "என் வீட்டை விக்கச் சொல்லி என்னைக் கேக்காதே"ன்னு வீட்டுக்காரர் அரசாங்கத்து கிட்ட பதிஞ்சு வச்சா, அதுக்கு மேல புரோக்கர் தேடி வரக்கூடாது. நம்ம ஊருக்கு அந்த நிலைமை வர்றதுக்கு முன்னாடி நாமளே கொஞ்சம் ஒழுங்கா இருந்துக்கலாம்.

அதனால நான் என்ன செஞ்சேன்னா, அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே மாதிரி ரெண்டு கடிதாசி என் கையால எழுதி ஸ்பீடு போஸ்ட்ல அனுப்பினேன். நான் யார், எந்த ஊர், எதுக்கு வாங்க ஆசைப்படுறேன். இதே கடிதாசி உங்க தம்பிக்கும் (அக்காவுக்கும்) அனுப்பியிருக்கேன். ரெண்டு பேரும் சம்மதிச்சாத்தான் பேசுவேன், ஒருத்தர் பங்கை மட்டும் வாங்க மாட்டேன். நாலாவது வீட்டு ஒத்தியை விலையில கழிச்சு நானே தீர்க்கத் தயார். இப்ப இருக்கிறவங்களுக்கு ஒப்பந்தம் போட்டுப் பதிஞ்சு தொடர விடுவேன். ரெண்டு பேருக்குள்ள ஒருத்தரே முழுசா வச்சுக்க நினைச்சா அது இன்னும் நல்லது, குடும்பத்துக்குள்ள போடுற விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை ரொம்பக் கம்மி. விருப்பம் இல்லைன்னா இதைக் கிழிச்சுப் போட்டுடுங்க, மறுபடி தொந்தரவு பண்ண மாட்டேன். இவ்வளவுதான்.

அண்ணாச்சிக்குக் கோவம். "ரெண்டு பேருக்கும் சொன்னா விலை ஏறாதா? ஊர் பூரா தெரிஞ்சு நாளைக்கு வேற எவனாவது கொத்திட்டுப் போனா?"ன்னார். அவர் சொல்றது நெசம். விலை ஏறும். வேற ஆள் வரலாம். அக்ரிமெண்ட் போட்டு அமுக்கியிருந்தா ஒரு நாலஞ்சு லட்சம் எனக்கு மிச்சம் ஆகியிருக்கும்னு நானும் கணக்குப் போட்டுப் பாத்தேன். ஆனா அந்த மிச்சம் எங்க இருந்து வருது? ரெண்டு பேரும் உக்காந்து பேசினா கெடைக்கிற விலைக்கும், அவசரத்துல ஒருத்தர் விக்கிற விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் அது. என் சாமர்த்தியம்னு அதைச் சொல்லிக்க எனக்கு வாய் வரலை.

நாலாம் நாள் தம்பிகாரர் போன்ல கத்தினார். "எங்க வீட்டு விஷயத்தை அவளுக்கு எழுத நீ யாருய்யா?" கேட்டுக்கிட்டேன். ரெண்டு வாரம் கழிச்சு அக்கா பேசினாங்க. தம்பிக்குக் கடன் இருக்கிறதே அவங்களுக்குத் தெரியாதாம். "இப்பதைக்கு ஒண்ணும் சொல்ல முடியாது தம்பி. மொதல்ல அவன்கிட்ட பேசணும்"னாங்க. அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் ஒரு தகவலும் இல்லை. போன வாரம் வேற ஒரு பார்ட்டி வளவைப் பாத்துட்டுப் போனதா இஸ்திரிக்காரர் சொன்னார்.

கெடைக்கலைன்னாலும் பரவாயில்லைன்னு சொன்னா அது பொய். அந்தத் தேக்கு உத்திரம் கண்ணுலயே நிக்குது. மச்சான்மார் ரெண்டு பேரும் என்கூட சரியா பேசறதில்லை :-( ஆனா அக்காவும் தம்பியும் பேச வேண்டிய விஷயத்தைப் பேசட்டும். முப்பது வருஷம் முன்னாடி எங்க அத்தைக்கு யாராவது இப்படி ரெண்டு வரி எழுதிப் போட்டிருந்தா எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுத்தான் எழுதினேன்.

நாளைக்கு சாயங்காலம் ஆச்சியைப் போய்ப் பாக்கணும். அவங்க கேட்டதுக்கு இன்னும் பதில் சொல்லலை.

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை மக்களே. கேஸ்ல அடிபட்ட குடும்பத்துக்காரன், அவ்வளவுதான். வாங்குறதுக்கு முன்னாடி மூலப் பத்திரத்தையும் வாரிசுச் சான்றையும் எடுத்துக்கிட்டு ஒரு நல்ல வக்கீலைப் பாருங்க. உங்க ஊர்ல ஒத்தி, வளவு எல்லாம் எப்படின்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. திட்டணும்னாலும் திட்டுங்க, மச்சான்மார் புண்ணியத்துல பழகிருச்சு.